சுத்தமாக இருந்த கார்

சிலிம் ரிவரில் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் என் பாட்டிக்கு வருடத்தில் ஒரு குளிர்காலம் இருந்தது. தைப்பூசத்தை ஒட்டி ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிடும். புதுத்தளிர் வந்து முற்றும்வரை பால் குறைந்துபோகும். பாட்டி அதை 'எல கொட்டுற மாசம்' என்பார். தோட்ட நிர்வாகம் அதற்கு வைத்திருந்த பெயர் 'விண்டரிங்'. அதற்கு முன்பே வருடக் கடைசி மழை வந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. மழையையும் இலையையும் நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

பாட்டியின் காலத்தில் மழை நாளில் ஒண்டிக்கொள்ள ஒரு லயத்து வீடாவது இருந்தது. அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும் பலருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின.

போன நவம்பரில் பழைய கடை வரிசையின் அஞ்சடியில் படுத்திருந்த அங்கிள் அப்படி ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், முட்டி போனபிறகு வேலையும் போய்விட்டது. நானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் சில இரவுகள் அவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவோம். ஒருநாள் நண்பன் சொன்னான்: "சும்மா குடுத்துக் குடுத்து ஆள சோம்பேறி ஆக்காதடா. வேல குடு. அதான் மரியாத."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் என் காரைக் கழுவித் தரச் சொன்னேன், இருபது வெள்ளி என்றேன். அவர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது சுத்தமாதான இருக்கு. குடுக்கணும்னு தோணுனா குடுத்துட்டுப் போங்க. எதுக்கு இந்த நாடகம்?"

முதல் நாள்தான் அதைக் கடையில் கழுவியிருந்தேன். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகும் இல்லை. அவருடைய மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் இருபது வெள்ளிக்கு அவர் கொஞ்சம் வேர்க்க வேண்டும் என்றுதான் எதிர்பார்த்திருக்கிறேன்.

இந்த எதிர்பார்ப்புக்கு நம் சரித்திரத்திலேயே ஒரு முகம் உண்டு. 1876-78 மதராஸ் பஞ்சத்தில், நிவாரணம் வேண்டுமென்றால் முகாமில் உடலுழைப்பு செய்ய வேண்டும் என்றது அரசு. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் செலவைக் குறைக்க, ஓர் ஆணின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று இறக்கினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். பின்னாளில் மலாயாவுக்கு ஆள் கட்டிய மாவட்டங்களில் சேலமும் வட ஆற்காடும் முக்கியமானவை. இரண்டும் அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டவை. 'உழைத்தால்தான் சோறு' என்ற வாசகம் அன்று மரியாதையைக் காப்பாற்றவில்லை, உயிரையும் காப்பாற்றவில்லை.

அதற்குச் சில வருடம் முன்பு, 1867இல், வடலூரில் வள்ளலார் தருமசாலையின் அடுப்பை ஏற்றினார். அங்கே பசிதான் தகுதி. நீ என்ன வேலை செய்தாய் என்ற கேள்வி இல்லை.

நம் ஊரிலும் இந்த விவாதம் ஓயவில்லை. 2014 ஜூலையில், கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் வீடற்றவர்களுக்கு உணவு வழங்கக்கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது, இலவசச் சோறு சோம்பேறியாக்கும் என்ற பேச்சும் கூடவே வந்தது. என் நண்பன் சொன்ன அதே வாக்கியம்.

அப்படியானால் வேலை கொடுப்பதே தப்பா? லண்டனில் 1991இல் 'தி பிக் இஷ்யூ' என்ற இதழ் தொடங்கியது. வீடற்றவர்கள் அதைப் பாதி விலைக்கு வாங்கித் தெருவில் முழு விலைக்கு விற்கலாம். மிச்சம் அவர்களுடையது. குளிரில் நின்று விற்கிறவர் அங்கே ஒரு வியாபாரி. ஆனால் சிலர் காசை நீட்டிவிட்டு இதழை எடுக்காமல் நடந்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த நொடியில் வியாபாரி மறுபடி இரப்பவர் ஆகிவிடுகிறார். என் சுத்தமான கார் செய்ததும் அதைத்தான்.

இதை எனக்குப் புரியவைத்தது அம்மா. டிசம்பரில் ஒருநாள் காற்றில் எங்கள் ரம்புத்தான் மரத்தின் பெரிய கிளை முறிந்து வேலிமேல் விழுந்தது. அங்கிளைக் கூட்டிவந்தேன். எண்பது வெள்ளி கேட்டார்.

"எண்பதா? அறுவது தரேன்," என்றார் அம்மா.

"அக்கா, கெளையப் பாருங்க. வெட்டி ரோட்டுக்கு இழுத்துப் போடணும். எழுவது."

எனக்கு அவமானமாக இருந்தது. வீடில்லாதவரிடமா பேரம்? ஆனால் அவர் முகத்தில் அஞ்சடியில் நான் பார்க்காத ஒரு தெம்பு இருந்தது. எழுபதுக்கு முடிந்தது. பாராங்கோடு வேலையை ஆரம்பித்தவர், நடுவில் மேலே காட்டினார்: "அந்தக் கெளையும் அடுத்த காத்துக்கு வந்துரும். இப்பவே எடுத்துடுறேன். அதுக்குக் காசு வேணாம்."

எனக்கு மரியாதை என்று இப்போது தோன்றுவது இதுதான்: விலை சொல்லலாம், மறுக்கலாம், தனக்குத் தெரிந்ததைச் சும்மாவும் கொடுக்கலாம். அதற்கு வேலை நிஜமாக வேண்டும். இன்னொன்றும் வேண்டும். பட்டினியில் இருப்பவன் பேரம் பேச முடியாது. அன்று மத்தியானம் சாப்பிட்டிருந்ததால்தான் அவரால் அறுபதை மறுக்க முடிந்தது. சோற்றுக்கு நிபந்தனை வைத்தால் முதலில் போவது அந்த 'முடியாது' என்ற சொல்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அவருக்கு அது எட்டவில்லை. வேலை கேட்டுப் போனால் முகவரி கேட்கிறார்கள். முகவரிக்கு வாடகை வேண்டும். மரம் வெட்டிய மூன்றாம் நாள் அவர் முட்டி வீங்கிவிட்டது, ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. நாங்கள் பொட்டலம் கொண்டுபோனோம். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டில் வேலி சாய்ந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு கேட்கலாம் என்று என்னைக் கேட்டார். "எனக்குத் தெரியாது அங்கிள், நீங்கதான் சொல்லணும்," என்றேன்.