தெரியாத இலக்கம்

எம் வீட்டில் ஒரு தகராறு நடந்துகொண்டிருக்கிறது. தெரியாத இலக்கங்களின் வாயை அடைப்பதா, விடுவதா? 2019 இல் ஐபோனுக்கு அப்படியொரு வசதி வந்தது. பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டால், எமது பட்டியலில் இல்லாத எவர் அழைத்தாலும் மணி அடிக்காது. பிள்ளைகள் எப்போதோ தட்டிவிட்டார்கள். எமக்குத்தான் மனம் வரவில்லை.

தொல்லை இல்லையென்று நாம் சொல்லவில்லை. ரொறொன்ரோவில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வீட்டுக் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கவா என்று கேட்காத நாளில்லை. வருமானவரித் திணைக்களம் என்று பொய் சொல்லி, கைதுசெய்ய ஆள் வருகிறது என மிரட்டும் பதிவுக்குரல் இன்னொன்று. 2008 இல் கனடாவில் 'அழைக்க வேண்டாம்' பட்டியல் தொடங்கியபோது நாமும் பதிந்தோம். சட்டத்துக்குப் பயந்தவர்கள் அடங்கினார்கள். மோசடிக்காரன் பட்டியலைப் பார்த்துவிட்டா அழைக்கிறான்? இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை கொள்பவரை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. (சொந்தக்காரர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்க ரோசாப்பூக்களைப் பற்றி இங்கே எழுதினால் உறவு கெடும்.)

ஆனால் எமது வாழ்வின் பெரிய செய்திகள் எல்லாம் தெரியாத இலக்கங்களிலிருந்தே வந்தன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து எம்மை அழைக்க வழியிருக்கவில்லை. அம்மாமார் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஏதாவதொரு கொமினிகேசனில் வரிசையில் நின்று அழைத்தார்கள். ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்ட தம்பி, பெயர் தெரியாத ஊரொன்றின் தெருவோரப் பெட்டியிலிருந்து அழைத்தான். இழவுச் செய்தியும் அப்படித்தான் வந்தது. அன்று எம்மிடம் இந்தப் பொத்தான் இருந்திருந்தால்?

அது பழைய கதை என்பாள் மகள். இப்போது அழைப்பவர்கள் தம்பிமார் அல்ல, திருடர்கள் என்பாள். அங்கேதான் எமக்குச் சிக்கல். வழிதவறி வந்ததுபோல 'எப்படி இருக்கிறீர்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறதே, அதைத் தட்டச்சுச் செய்யும் விரல்கள் யாருடையவை? மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இந்த மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 இல் கணித்தது. கணினி வேலை என்று நம்பிப் போய் அகப்பட்டவர்கள். 2024 இல் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களிலிருந்து இலங்கையரும் மீட்கப்பட்டார்கள். பொய்யான வேலைக்கும் பொய்யான பயணத்துக்கும் காணி விற்றுக் காசு கட்டிய சனம் நாம். இந்தக் கதை எமக்கு அந்நியமா?

அதற்காகப் பதில் எழுதவேண்டும் என்பதல்ல. நாம் ஏமாந்தால் காசு போவது அடைத்து வைத்தவனிடம்; அடைபட்டவனுக்கு அதனால் விடுதலையில்லை. பதில் எழுதாமல் அழித்துவிடுவதுதான் சரி. அவனைத் தூஷணத்தால் ஏசுவது சரியா என்பதே எமது கேள்வி. நாமும் ஏசியிருக்கிறோம். ஏசிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு இளம் குரல் தடுமாறியதையும் கேட்டிருக்கிறோம். அது திருடனின் தடுமாற்றமா, அடிவாங்கப் போகிறவனின் தடுமாற்றமா என்று இன்றுவரை தெரியாது.

நேற்றுப் பின்னேரமும் மணி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தோம். குழாய்த் துப்புரவுதான். "வேண்டாம் தம்பி" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. மகள் முறைத்துப் பார்த்தாள்.