எடைக்கல்

நீதிக்குத் தராசைச் சின்னமாக்கியவர்கள் தட்டில் எதை வைப்பதென்று சொல்லவில்லை. 1986இல், நகரங்களில் கிராக் பரவிய பீதியில், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பதில் சொன்னது: 5 கிராம் கிராக் விற்றவனுக்கும் 500 கிராம் கொகெய்ன் தூள் விற்றவனுக்கும் ஒரே தண்டனை, குறைந்தது 5 வருஷச் சிறை. கிராக் என்பது அந்தத் தூளையே ஆப்பசோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சியது.

நூறு மடங்கு ரசாயனத்திலிருந்து வரவில்லை. ஏழைக் கறுப்பர்களின் தெருவில் விற்றது கிராக்; அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பர்களே. இதை வெறும் இனவெறுப்பு என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் தங்கள் தெருக்கள் அழிவதைக் கண்ட கறுப்பினப் பிரதிநிதிகள் சிலரும் இச்சட்டத்தை ஆதரித்தார்கள். அவர்கள் பயம் நிஜம். நிஜமான பயமும் எடைக்கல் ஆகிவிடாது என்பதே பிரச்னை.

2010இல் விகிதம் 18க்கு 1 ஆகக் குறைந்தது. 100 தவறென்றால் 18க்கு என்ன நியாயம்? இரு கட்சிகளும் பேசி இறங்கிவந்த எண் அது. கணக்கில் வந்த பிழையைத் திருத்துகிறவன் பாதியில் நிறுத்துவதில்லை. பேரம் பேசுகிறவன்தான் நிறுத்துவான். அந்தப் பேரத்தால் சிலர் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அதை அற்பமென்று சொல்ல நான் தயாரில்லை. நீதி என்று சொல்லவும் தயாரில்லை.