கடைமடைக்கும் நீர்

மதுராந்தகம் ஏரியில் மதகு திறந்தால், கடைமடை வயலுக்கு நீர் கடைசியில்தான் போய்ச் சேரும். அதற்காக அந்த வயலுக்குரியவர் எவரையும் கும்பிட்டு நீர் கேட்பதில்லை. முறை வந்தால் நீர்க்கட்டி மடையைத் திறந்துவிட வேண்டும். அது தருமமன்று, பாத்தியதை.

ஏரிக்கரையில் வாழும் நாமே இந்த வேறுபாட்டை ஒரு தாய்க்கு எடுத்துச் சொல்லத் தவறினோம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அவர் நம்மிடம் வந்தார். எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, இரைச்சல் எழுந்தால் காதைப் பொத்திக்கொள்வான். ஆயினும் செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரை இரயில் நிலையங்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பான். "சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்; இவன் இருந்தால் மற்ற நாற்பது பேரின் படிப்பு கெடும்" என்று பள்ளியில் கூறிவிட்டார்களாம். அது நம்மவர் நடத்தும் பள்ளி.

பங்குத்தந்தையிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம் என்றோம். நல்லெண்ணம்தான். ஆனால் சிபாரிசால் இடம் பெற்ற பிள்ளை நாள்தோறும் பிறர் தயவில் அமர்ந்திருக்கிறான். தயவு களைத்துப்போகும் நாளில் அவன் வெளியே நிற்பான். கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவருக்காகக் கூரையைப் பிரித்தவர்கள் சிபாரிசு தேடியதாக மாற்கு எழுதவில்லை.

நாற்பது பேரைப் பற்றிய வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தனியொரு ஆசிரியை திணறத்தான் செய்வார். ஆயினும் அத்திணறல் அவருக்குத் துணை வேண்டும் என்பதற்கே சான்று; பிள்ளை வேண்டாம் என்பதற்கன்று. தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசு 2022இல் அளவு வகுத்தது இதனாலன்றோ?

நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தபோது நாம் நிம்மதியடைந்தோம். நிறுவனங்களின் உரிமை காக்கப்பட்டது, நன்று. அந்த நிம்மதியில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படிக்க மறந்தோம். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் 16ஆம் பிரிவின் நோக்கம். 31ஆம் பிரிவோ, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில் இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. 'விரும்பும்' என்பதைக் கவனிக்க வேண்டும். சிறப்புப் பள்ளி குடும்பம் தெரிந்துகொள்வதற்குரியது; பிறர் தள்ளிவிடுவதற்குரியதன்று.

இரண்டாம் முறை அத்தாய் எடுத்துச் சென்றது விண்ணப்பம். அதில் தேதி இருந்தது, பிரிவு எண் இருந்தது. இரைச்சல் குறைந்த மூலையில் ஓரிடம், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வந்து பார்க்க அனுமதி என இரண்டே கோரிக்கைகள். மாநில ஆணையரிடம் முறையிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவர் எழுதவில்லை. நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் மட்டும் வாங்கி வந்தார்.

இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. பள்ளி மணி அடிக்கும்போது அவன் என்ன செய்வான் என்பதே தலைமையாசிரியை முதலில் கேட்ட கேள்வி. காதைப் பொத்திக்கொள்வான், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார் தாய்.