இரண்டு தூளிகள்

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைப் பெண்கள் தின்னக் கூடாது, தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்பாள் என் பாட்டி. அப்படி ஒரு பழம் கண்ணில் பட்டால் எடுத்துப் பையன்களிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு அது விளங்குவதே இல்லை. பிள்ளையை வரம் என்கிறோம். வரம் இரண்டாகக் கிடைத்தால் அஞ்சுவானேன்?

அதற்கு விடை நாகரசம்பட்டியில் கிடைத்தது.

மாம்பழக் காலத்தில் அங்கே ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. பத்து ஆண்டுகள் காத்திருந்து, சிகிச்சை பெற்று, முப்பத்தேழாவது வயதில் மகள் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே பேற்றில் பெற்றிருந்தாள். கூடத்து விட்டத்தில் இரண்டு தூளிகள் அருகருகே தொங்கின.

இத்தகைய வீடுகள் இன்று பெருகி வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் உலகில் ஆயிரம் பேறுகளுக்கு ஒன்பதாக இருந்த இரட்டைப் பேறு, 2010க்குப் பின் பன்னிரண்டாகிவிட்டது என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் இரட்டையர் சோடிகள் பிறக்கின்றன. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து, அச்சில் வார்த்தாற்போல் பிறப்பவர்களின் விகிதம் ஏறக்குறைய மாறவில்லை. ஆயிரத்துக்கு நான்குதான். பெருகியிருப்பவர்கள் இரண்டு முட்டைகளில் இருந்து பிறப்பவர்கள். பெண்கள் வயது கடந்து கருவுறுவது ஒரு காரணம். முப்பதுகளின் பிற்பகுதியில் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் முதிர்வது கூடுகிறது. மற்றொன்று மருத்துவம். முட்டைகளைத் தூண்டும் மருந்துகளும், ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களை வைக்கும் முறையும் சேர்ந்து செய்த வேலை இது.

பாட்டியின் அச்சத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. இரட்டையர் பெரும்பாலும் நாள் நிறையுமுன் பிறக்கிறார்கள், எடை குறைந்து பிறக்கிறார்கள். தாயின் உடம்புக்கும் ஆபத்து கூடுகிறது. ஒரே கருவை வைப்பதே நல்லது என்று மருத்துவ உலகம் இப்போது திரும்பியிருப்பது அதனால்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

பெண் குழந்தை வீறிட்டு அழுதது. நண்பரின் மனைவி புட்டிப் பாலை எடுத்து வந்தார். பையன் தாயின் மடியில் இருந்தான். நான் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் பால் பத்தலைங்க தம்பி. இவ பொட்டப்புள்ள, தாங்கிக்குவா."

அந்த அம்மாள் கல்நெஞ்சக்காரி அல்லர். இரவெல்லாம் அந்தப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர். இரண்டு குழந்தைகளில் மெலிந்திருந்தது அந்தப் பெண்தான் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய துயரம் உண்டு. வேண்டாத பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது தருமபுரிக்கும் வந்தது. 2004 வரை கிருஷ்ணகிரி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கொடுமையோடு இந்தப் புட்டியை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 'தாங்கிக்குவா' என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே வேரிலிருந்து முளைத்ததோ என்ற ஐயம் மட்டும் போகவில்லை.

என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் கல்லூரிக்குப் போனேன். "அப்போது கையில் பணம் இல்லை, உன் காலத்தில் இருந்தது" என்று அப்பா சொன்னதை ஐம்பது ஆண்டுகளாக நான் நம்பி வந்தேன். எங்களுக்கிடையே மூன்று வயது வித்தியாசம். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் எத்தனை சமாதானங்களை ஒளித்து வைக்க முடிகிறது! இரட்டையருக்கு அந்த வசதி இல்லை. ஒரே நாள், ஒரே வீடு, ஒரே வறுமை அல்லது வளமை. தட்டு சாய்ந்தால் சாய்த்தது நம் கைதான்.

சரி, உண்மையிலேயே பால் போதாதபோது என்ன செய்வது? ஆளுக்குப் பாதி என்பதுதான் நீதியா? நச்சுப் பொய்கைக் கரையில் தம்பியரில் ஒருவன் மட்டும் பிழைக்கலாம் என்றபோது, தருமன் பீமனையோ அருச்சுனனையோ கேட்கவில்லை, நகுலனைக் கேட்டான். குந்திக்குத் தான் ஒருவன் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒருவன் வேண்டும் என்பது அவன் கணக்கு. வலியவன் யார், பயன்படுகிறவன் யார் என்று அவன் பார்க்கவில்லை. யார் பக்கம் ஒன்றுமில்லையோ அந்தப் பக்கம் பார்த்தான். அவன் கேட்ட நகுலனும் இரட்டையரில் ஒருவன் என்பது அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புறப்படும் வேளையில், அந்தப் பெண்ணின் முந்தானை ஓரத்தில் ஓர் ஊக்கு குத்தியிருப்பதைக் கண்டு, எதற்கம்மா என்று கேட்டேன். தாய் அடுப்படியில் இருப்பதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ராத்திரியிலே தூக்கக் கலக்கத்திலே மறந்துடுதுங்க மாமா. ஊக்கு இந்தப் பக்கம் இருந்தா அடுத்தது இவ முறை" என்றாள் மெல்ல.

ஊக்கை இடம் மாற்றிக் குத்திக்கொண்டு, பெண்ணின் தூளிப் பக்கம் நகர்ந்தாள்.