எது வரைக்கும் பிள்ளைப் பாசம்?

"என் பிள்ளைக்காக எதையும் செய்வேன்" என்று பெற்றவர் சொன்னால் நாம் தலையாட்டிவிடுகிறோம். எது வரைக்கும் என்று கேட்பதில்லை. அதைக் கேட்கிறது 'டார்க்' என்ற ஜெர்மன் தொடர் (2017–2020).

விண்டன் என்ற கற்பனை ஊரில் ஒரு குகை. அதன் வழியாக 33 ஆண்டு இடைவெளிகளில் காலத்தில் முன்னும் பின்னும் போகலாம். 2019-இல் காணாமல் போகும் சிறுவன் மிக்கேல், 1986-இல் கரையேறுகிறான். அவனைத் தேடிக் கிளம்பும் தகப்பன் உல்ரிக், வழிதவறி 1953-இல் போய் நிற்கிறார். பிள்ளைகள் காணாமல் போவதற்குப் பின்னாளில் துணைபோகப் போகிறவன் ஹெல்கே என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வருடத்தில் ஹெல்கேவுக்கு வயது ஒன்பது. செத்த பறவைகளைப் பார்த்து ஆசைப்படும் பொடியன். உல்ரிக் கல்லை எடுத்து அவன் தலையில் அடிக்கிறார்.

பையன் சாகவில்லை. முகத்தில் ஆயுசுக்கும் தழும்பு. நடக்கவிருந்த எதுவும் நிற்கவில்லை. உல்ரிக் பிடிபட்டு மனநலக் காப்பகத்தில் முதுமை அடைகிறார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணத்தில் உலகத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றுதான்.

இந்தப் பாசம் உல்ரிக்கோடு முடிவதில்லை. நம் பையன் வண்டியில் யாரையாவது இடித்துவிட்டு வந்தால், அடிபட்டவருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் முன் வக்கீலுக்குப் போன் போடுகிறோம். குடும்ப விசுவாசம் என்று அதற்குப் பெயரும் வைக்கிறோம்.

தொடரின் முடிச்சுக்கெல்லாம் மூலம் இன்னொரு தகப்பன்: கடிகாரம் செய்யும் டான்ஹவுஸ். கார் விபத்தில் மகன், மருமகள், கைக்குழந்தை மூவரையும் பறிகொடுத்தவர். அவர்களை மீட்கக் கட்டிய இயந்திரம்தான் காலத்தையே உடைக்கிறது. கடைசியில், கடந்த காலத்திலேயே வளர்ந்து ஆளான மிக்கேலின் மகன் யோனாஸும் மிக்கேலின் அக்கா மார்த்தாவும் விபத்துக்கு முன்பே அந்த இரவுச் சாலையில் போய்க் காரை மறிக்கிறார்கள். குடும்பம் பிழைக்கிறது. விபத்து நடக்காததால் இயந்திரமும் இல்லை, காலமும் உடையவில்லை; மறித்த இருவரும் பிறக்காதவர்களாகிப் போகிறார்கள்.

காப்பாற்றப்பட்டவர்கள் அவர்களுக்கு உறவுகூட இல்லை. உல்ரிக்கால் முடியாததை இந்தப் பிள்ளைகள் செய்தார்கள். தன் பிள்ளைக்காக ஓடுவது யாருக்கும் இயல்பாக வருகிறது. ஓடும் வழியில் அடுத்தவர் பிள்ளை நின்றால் கையிலிருக்கும் கல்லைக் கீழே போடுவதற்குத்தான் பழக வேண்டியிருக்கிறது. அதை நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே பழகுவார்கள்.