சுபாவமும் சத்தியமும்

மனிதன் தன் கொள்கைகளை ஆராய்ந்து தேர்ந்துகொள்கிறானா, அல்லது அவனோடு கூடப்பிறந்த சுபாவமே அவற்றைத் தேர்ந்து கொடுத்துவிட்டு, அவற்றுக்கான நியாயங்களைப் பின்னால் தேடிக்கொள்ளும்படி அவனை ஏவுகிறதா என்ற கேள்வி மிகப் பழமையானது. ஒருவனுடைய சிரத்தை அவனவன் இயல்பை ஒட்டியே அமைகிறது என்று சொல்லி, அதை மூன்று குணங்களாக வகுத்துக் காட்டுகிறது பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம். தத்துவ சாஸ்திரத்தின் சரித்திரம் பெரும்பாலும் மனித சுபாவங்கள் ஒன்றோடொன்று மோதிய சரித்திரமே என்று 1907இல் எழுதினார் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். இருவேறு தேசங்களில், இருவேறு காலங்களில் எழுந்த இந்த எண்ணத்தை, அரசியலில் மரபைப் பேணுவோருக்கும் மாறுதலை நாடுவோருக்கும் உள்ள பேதத்தைக் கொண்டு அளந்து பார்க்கத் துணிந்தது நம் காலத்து மனோதத்துவம்.

ஹிட்லரின் கொடுமைகளைக் கண்டு நடுங்கிய தலைமுறையின் பிரதிநிதிகளாக, தத்துவ அறிஞர் அடோர்னோவும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட பெருநூல், அதிகாரத்துக்குப் பணியும் மனம் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், இறுகிய மனம் வலதுசாரிகளின் ஏகபோகம் அல்ல, இடதுசாரிகளிடமும் அது உண்டு என்று எழுதினார் மனோதத்துவ அறிஞர் மில்டன் ரோக்கீச். அச்சமூட்டும் படங்களையும் திடீர் ஓசையையும் கண்டு கேட்டு அதிகமாகத் திடுக்கிடுவோர் மரபுவாதக் கொள்கைகளை ஆதரிக்கிறார்கள் என்று, நெப்ராஸ்காவில் 46 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2008இல் அறிவித்தபோது அது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் இன்னும் அதிகமான பேரை வைத்து அதையே மறுபடி சோதித்தவர்கள், அப்படிப்பட்ட தொடர்பு எதையும் காண முடியவில்லை என்று 2020இல் எழுதியதை அவ்வளவு பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. புதுமையில் நாட்டம் உள்ளவர்கள் மாறுதலின் பக்கமும், ஒழுங்கில் பற்றுள்ளவர்கள் மரபின் பக்கமும் சற்றே சாய்கிறார்கள் என்பது வரையில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அந்தச் சாய்வு சிறியது. அதை வைத்து ஒரு மனிதனின் அபிப்பிராயத்தை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இந்த ஆராய்ச்சிகளின் பேரில் எனக்கு விரோதம் இல்லை. என்னை வருத்துவது அவற்றை நாம் கையாளும் விதமே. எதிராளி ஒரு நியாயத்தை எடுத்துச் சொல்லும்போது, அந்த நியாயத்துக்கு விடை தேடாமல், "பயந்த சுபாவம், அதனால் இப்படிப் பேசுகிறார்" என்றோ, "எதிலும் நிலைகொள்ளாத புத்தி, அதனால் இப்படித் துடிக்கிறார்" என்றோ காரணம் காட்டிவிட்டு எழுந்து போவது, அவரைச் சக மனிதராகப் பாவிக்காமல் வைத்தியர் முன் வந்த நோயாளியாகப் பாவிப்பதாகும். பயந்தவன் சொன்னான் என்பதால் ஊருக்கு வெளியே வெள்ளம் வரவில்லை என்று ஆகிவிடுமா?

சுபாவம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் ஆட்டுவிக்கும், எங்கே அவனை விட்டுவிடும் என்பதைப் பார்க்க, மரபுவாதத்தின் மூலபுருஷராக மேல்நாட்டார் போற்றும் எட்மண்ட் பர்க்கின் வாழ்க்கையைவிடத் தகுந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கக் குடியேற்றக்காரர்களோடு சமாதானம் செய்துகொள்ளும்படி 1775இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மன்றாடியவரும் அவரே. கத்தோலிக்கருக்குப் பரிந்து பேசி, அதுவும் ஒரு காரணமாக 1780இல் பிரிஸ்டல் தொகுதியை இழந்தவரும் அவரே. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790இல் கண்டன நூல் எழுதியவரும் அவரேதான்.

1785ஆம் வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி, ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நவாபுக்குக் கொடுத்ததாகச் சொன்ன கடன்களை, விசாரணையின்றிக் கர்நாடகத்தின் வரிப்பணத்திலிருந்து தீர்த்துவிட மந்திரிசபை உத்தரவிட்டிருந்தது. இந்தியக் கரையில் ஒருநாளும் கால் வைத்தறியாத பர்க், நம் செங்கற்பட்டுச் சீமையாகிய ஜாகீரின் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குறித்திருந்த ஏரிகளைத் தாமே உட்கார்ந்து எண்ணி, அந்த ஒரு சீமையில் மட்டும் 1,100க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் இரண்டு மூன்று ஏக்கர் குட்டையும் உண்டு, ஐந்து மைல் சுற்றளவுள்ள பேரேரியும் உண்டு என்று சபைக்குச் சொன்னார். மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய கரைகளையும், கட்டுமானமான மதகுகளையும், அவற்றை ஓயாமல் பழுதுபார்க்க வேண்டிய அவசியத்தையும் விவரித்துவிட்டு, பின்வரும் சந்ததியைத் தம் சொந்த மக்களாக நினைத்துச் சொத்து எழுதி வைத்துப்போன மெய்யான அரசர்களின் ஞாபகச் சின்னங்கள் இவை என்று அவர் புகழ்ந்தபோது, ஐந்து வருஷங்களுக்குப் பின் பிரெஞ்சுப் புரட்சியை மறுக்க அவர் எடுத்துக்கொள்ளவிருந்த தத்துவம் முழுவதும், அதாவது இறந்தோரும் இருப்போரும் இனிப் பிறப்போரும் சேர்ந்த கூட்டே சமுதாயம் என்னும் தத்துவம், நம் ஏரிக்கரையில் ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே ஒரே சுபாவந்தான், முன்னோர் வைத்துப்போனதை அழிக்கக் கூசும் அந்த ஒரே நெஞ்சந்தான், கம்பெனியின் கொள்ளையை எதிர்த்து அவரை நம் பக்கமும், புரட்சியை எதிர்த்துப் பிரெஞ்சு அரசன் பக்கமும் நிறுத்தியது. செங்கற்பட்டில் அது அவருக்கு உண்மையைக் காட்டியது. பிரான்ஸிலோ, உப்புக்கு வரி கட்டி மாளாத குடியானவனின் துயரத்தை அவர் கண்ணிலிருந்து பெரும்பாலும் மறைத்துவிட்டது. ஆனால் புரட்சிக் குழப்பத்தின் முடிவில் படையை வசப்படுத்திய தளபதி ஒருவன் தேசத்துக்கே எஜமானாவான் என்று அவரை அதே நூலில் எழுதவும் வைத்தது. 1799இல் நெப்போலியன் வந்தான். எந்த இடத்தில் அவர் கண்டது சரி, எந்த இடத்தில் பிழை என்பதைத் தீர்மானிக்க, ஏரிகளையும் வரிக் கணக்குகளையும் படைகளின் நிலைமையையும் ஆராய வேண்டுமேயன்றி, அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துப் பயனில்லை.

பார்லிமெண்டில் பர்க்கோடு ஒரே கட்சியில் இருந்த நண்பர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் அவருக்கு நேர் எதிரான பிரகிருதி. சூதாட்டத்தில் பெரும் பொருளைத் தொலைத்தவர். தாராளமான மனமும் எதையும் நம்பிக்கையோடு வரவேற்கும் இயல்பும் உடையவர். பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் கோட்டை விழுந்த செய்தி கேட்டு ஆனந்தித்தவர். மனிதர்கள் மாறுதலைக் கண்டு அஞ்சுவோர், அஞ்சாதோர் என்று இருவகை என்பார்கள். ஆனால் ஃபாக்ஸும் வாழ்நாள் முழுவதும் அஞ்சினார், அரசனின் அதிகாரம் பெருகுவதைக் கண்டு. பர்க் அஞ்சியது கூட்டத்தின் வேகத்தை. அச்சத்தின் அளவில் அல்ல, அச்சம் கொள்ளத் தக்கது எது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்; அது விவாதித்து ஆராயக்கூடிய விஷயம்.

1791ஆம் வருஷம் மே 6ஆம் தேதி, சபை நடுவே, அந்தப் புரட்சியைப் பற்றிய வாக்குவாதத்தில், இருவருக்கும் இருந்த இருபத்தைந்தாண்டு சிநேகம் முறிந்தது. சிநேகம் போய்விடவில்லை என்று ஃபாக்ஸ் மெல்லச் சொல்ல, போய்விட்டது என்று பர்க் எல்லோரும் கேட்கச் சொன்னார். அரசியலைத் தமக்குக் கற்பித்தவர் பர்க்கே என்று அந்தச் சபையிலேயே சொல்லியிருந்த ஃபாக்ஸ், எழுந்து நின்றும் கண்ணீரால் சிறிது நேரம் பேச முடியாமல் நின்றார்.

இதில் சுபாவத்தின் வெற்றியைக் காண்போர் அதே வருஷங்களில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது 1788இல் தொடங்கி, 1795இல் அவர் விடுதலையாகும் வரை நீடித்த குற்ற விசாரணையில், நட்பு முறிந்த பின்னும் பர்க்கும் ஃபாக்ஸும் ஒரே தரப்பில், குற்றம் சாட்டும் பொறுப்பாளர்களாகவே நீடித்தார்கள். கங்கைக் கரை ஜனங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி, மாறுதலை வெறுத்தவருக்கும் தெரிந்தது. மாறுதலை விரும்பியவருக்கும் தெரிந்தது. அதை அவர்களுக்குக் காட்டியது எது என்ற கேள்விக்கு, சுபாவங்களை அளக்கும் சாஸ்திரம் விடை சொல்லும் வரை, எதிராளியின் நியாயத்தைக் கடைசி வரை கேட்காமல் அவருடைய இயல்பைக் காரணம் காட்டி ஒதுக்கும் உரிமை நம்மில் எவருக்கும் கிடையாது.