பொட்டலத்துக்கு விலை ஒரு முகம்

2022ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், வணிக வளாகமொன்றில் தனியே காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு மூத்த பெண்மணியை இளைஞர் ஒருவர் அணுகினார். கையிலிருந்த பூங்கொத்தைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அதை அவரிடமே விட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லி நடந்தார். டிக்டாக்கில் ஏறிய அந்தக் காட்சி ஐந்து கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. நெகிழ்ந்து போனவர்கள் ஏராளம். பூவை வாங்கிக்கொண்டவரோ, தன்னை ஒரு மனுஷியாகவே மதிக்காதது போல் இருந்தது என்று வானொலியில் குமுறினார். அவர் பூ கேட்கவில்லை. படம்பிடிக்க அனுமதி தரவுமில்லை.

தமிழ்நாட்டின் கல்லூரி வாசல்களில் இதன் உள்ளூர்ப் பதிப்புகளை வாராவாரம் காணலாம். சனிக்கிழமை காலையில் மாணவர்கள் முதியோர் இல்லத்துக்குப் புறப்படுகிறார்கள். அரிசி மூட்டை, பிஸ்கட் பெட்டி, கல்லூரிப் பெயர் போட்ட பேனர் எல்லாம் உடன் போகின்றன. படமெடுக்க ஒருவர், ரீல்ஸுக்குப் பாட்டுச் சேர்க்க ஒருவர். சில தொண்டு நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே மாணவர்களைச் சம்பளமில்லாப் பயிற்சிக்கு எடுக்கின்றன. பதிவு போட வேண்டும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நன்கொடை இணைப்பைப் பகிர வேண்டும், குறித்த தொகை சேர்ந்தால் சான்றிதழ். தொண்டு செய்யப் போன பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது, எந்த முகம் அதிக லைக் வாங்கும் என்பதைத்தான். சுருக்கம் விழுந்த முகம், சளி வழியும் குழந்தை, சோற்றைக் கண்டதும் கலங்கும் கண்.

இது தவறு. கொடை பெறுபவரின் முகத்தைக் கொடுப்பவர் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறு. அனுமதி கேட்டு எடுத்தாலும் பெரும்பாலும் தவறுதான். சோற்றுப் பொட்டலம் ஒரு கையிலும் கைப்பேசி மறு கையிலும் இருக்க, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா பாட்டி?" என்று கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பார்? பசியிடம் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது.

ஈகை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே இந்த இடத்தில்தான். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது என்று அவர் கோடு கிழிக்கிறார். அதற்கு முந்தைய ஒப்புரவு அதிகாரத்திலும் மழையைக் காட்டி, அதற்கு உலகம் என்ன கைம்மாறு செய்கிறது என்று கேட்கிறார். முகத்தை வாங்கிக்கொண்டு பொட்டலம் தருபவர் கைம்மாற்றைக் கையோடு பெற்றுவிடுகிறார். புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, மறுமையில் பலன் கிடைக்கும் என்று அறத்தை விற்கும் வியாபாரி அவனில்லை என்கிறார். மறுமைப் பலனையே வியாபாரம் என்று ஒதுக்கியவர்கள், மறுநாள் காலையில் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்ப்பவரை எங்கே நிறுத்தியிருப்பார்கள்?

பெறுபவரின் மானத்துக்குச் சங்கப் புலவர்கள் கொடுத்த இடம் இன்னும் பெரியது. நேரில் பாராமல் பரிசிலைக் கொடுத்தனுப்பிய அதியமானின் பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். சிறையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, காவலர் காலம் தாழ்த்தித் தந்ததைக் குடிக்காமல் விட்டான் சேரமான் கணைக்கால் இரும்பொறை. பெருஞ்சித்திரனார் பார்க்கப்பட வேண்டும் என்றுதானே கேட்டார் என்று ஒருவர் மடக்கலாம். அவர் கேட்டது தன் தகுதியறிந்து நேரே பார்க்கும் கண்ணை. ரீல்ஸ் எடுப்பவரின் கண் பெரும்பாலும் திரையில்தான் இருக்கிறது.

சமயங்களும் இதில் ஒன்றுபடுகின்றன. தானம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு எச்சரித்தார். வெளிப்படையான தருமமும் நன்றே, மறைவாக ஏழைகளுக்குத் தருவது அதனினும் நன்று என்கிறது குர்ஆன். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாகப் பிரித்து, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத தருமத்தை இரண்டாம் படியில் வைத்தார். முதல் படி, ஒருவரைக் கையேந்தத் தேவையில்லாதவராக ஆக்குவது.

விளம்பரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையன்று. 2014ல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் சவால் இணையமெங்கும் பரவியபோது, ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு ஒரே கோடையில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் படகு தேவை என்று சமூக ஊடகம்தான் பலருக்குச் சொன்னது. ஆனால் இரண்டிலும் நடந்ததைப் பார்க்க வேண்டும். பனிச் சவாலில் நடுங்கிக் கேலிக்கு ஆளானவர் கொடுப்பவர். வெள்ளத்தில் பகிரப்பட்டது முகவரியும் தேவையும். பெறுபவரின் கண்ணீர் இல்லாமலே இரண்டும் ஓடின.

அதே வெள்ளத்தில் நிவாரணப் பொருள்களில் முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று புகார் எழுந்தது. அப்போது எள்ளி நகையாடியதும் சமூக ஊடகம்தான். ஸ்டிக்கராவது பொட்டலத்தின் மேல் இருந்தது.

ஐந்தாண்டு கழித்து, 2020 ஊரடங்கின்போது ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்ட நிர்வாகம் உணவு வழங்குவதைப் படமெடுக்கவே தடை போட வேண்டியதாயிற்று.

மிகப் பெரிய எடுத்துக்காட்டு 2023 ஜனவரியில் வந்தது. மிஸ்டர் பீஸ்ட் என்ற பெயரில் அறியப்படும் அமெரிக்க யூடியூபர், ஆயிரம் பேரின் பார்வையை மீட்கும் அறுவை சிகிச்சைக்குப் பணம் தந்து, அவர்கள் கண் திறக்கும் கணங்களைக் காணொளியாக்கினார். ஆயிரம் பேர் பார்வை பெற்றது பொய்யில்லை. யாரும் அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் படம் இல்லாவிட்டால் பார்வை இல்லை என்ற முடிவுக்கு மதுரைக்காரர்கள் வரமாட்டார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று தன் கிளைகளில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சைகள் செய்கிறது. அவற்றில் பெரும்பகுதி இலவசம் அல்லது குறைந்த கட்டணம். பணம் கட்டக்கூடியவரின் கட்டணம் கட்ட முடியாதவரையும் தாங்குகிறது. கட்டுப் பிரிக்கும் கணத்தின் கண்ணீர் அந்த வரவு செலவுக்குத் தேவைப்படவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது அறத்தோடு சட்டமும் கலந்த சங்கதி. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கேக்கோடு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் குழுப்படம் எடுத்துப் போடும் எத்தனை மாணவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்?

மாணவரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் பட்டத்தோடு 100 செயல்பாட்டுப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும் என்கிறது தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி, சமூகப் பணி அதில் வருகிறது. தர மதிப்பீட்டுக்கான கோப்பில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஜியோடேக் படம் ஒட்ட வேண்டும். பேனர் தெரிய வேண்டும், பயனாளி தெரிய வேண்டும். படம் சரியில்லை என்றால் பேராசிரியரே "இன்னொரு தடவை கொடுங்கம்மா" என்பார். வாங்கிய பொட்டலத்தைப் பாட்டி திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குவார். இந்தக் கூத்தை அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கவில்லை.

1969ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கமே எனக்காக அல்ல, உனக்காக என்பதுதான். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியை மாணவர் நாட்குறிப்பில் எழுதுவார், திட்ட அலுவலர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். கைப்பேசி வருவதற்கு முன் பல தலைமுறை மாணவர்கள் இப்படித்தான் சான்றிதழ் வாங்கினார்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால் தூர்வாரிய குளத்தை எடுக்கலாம், வெட்டிய சீமைக் கருவேலத்தை எடுக்கலாம், அடுப்படியில் வியர்த்து நிற்கும் மாணவர்களையே எடுக்கலாம். பொருள் போய்ச் சேர்ந்ததற்கு இல்லத்து நிர்வாகியின் ரசீது போதும். இதற்குப் புதிய சட்டமெல்லாம் வேண்டியதில்லை. அறிக்கைப் படிவத்தில் "பயனாளிகளுடன் புகைப்படம்" என்ற கட்டத்தைக் கல்லூரி முதல்வரும் தரக்குழுவும் அடித்துவிட்டு, அங்கே ரசீது எண் கேட்டால் ஆயிற்று.